அவிய ஏசிக்கிட்டே இருக்காவ

நான் வந்து சேர்ந்திருக்கிற இந்த ஊரில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. ‘இன்னா ஷிப்ட்?’ என்றுதான் கேட்கிறார்கள். கீரை விற்கிற அம்மா கேட்கிறார், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றும்போது பக்கத்தில் கழற்றுகிறவர் கேட்கிறார். அடுத்த பேச்சு நம் பதிலைப் பொறுத்தது. ‘நைட்’ என்றால் ‘போம்மா, போய்ப் படு’ என்று பரிதாபம். ‘ஜெனரல்’ என்றால் கொஞ்சம் பொறாமை. வந்த புதிதில் இரண்டும் தெரியாமல், ‘இன்னும் வேலை கிடைக்கல’ என்று கீரைக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் சாவு விழுந்ததைக் கேட்டவர் போல உச்சுக்கொட்டி, ஒரு கட்டு முளைக்கீரையைச் சும்மா கொடுத்தார். வேலை கிடைத்த பிறகும் அதைச் சில வாரங்கள் அவரிடம் சொல்லவில்லை. கீரை நன்றாக இருந்தது.

எங்கள் ஊர் உடன்குடிக்குப் பக்கத்தில். அங்கிருந்து கிளம்பி வந்தவர்கள் மூன்று பேர். எஸ்தராகிய நான், என் வீட்டுக்காரர் ஜெபசிங், மகள் ஷைனி. ஒரே மாநிலத்துக்குள் இடம் மாறியதை எல்லாம் புலம்பெயர்வு என்று சொல்லலாமா என்று ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். பாஸ்போர்ட் தேவைப்படவில்லை, உண்மைதான். ஆனால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் ஸ்டெல்லா அக்கா வீட்டின் பின்பக்கப் போர்ஷனுக்குக் குடிவந்த முதல் நாள் அவர் என்னைப் பார்த்து ‘குந்தும்மா’ என்றார். எங்கள் பக்கம் மரியாதையாக ‘இருங்க’ என்போம். குந்து என்பது எங்களுக்குக் கோழிக்கும் குழந்தைக்கும் உரியது. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றேன். மறுநாள் அவர் பழிவாங்கினார் என்று சொல்லலாம். சாவி கேட்டு வந்தவரிடம் ‘அவிய இன்னும் வரலக்கா’ என்றேன். எங்கள் பேச்சில் அவிய என்றால் அவர், அதாவது வீட்டுக்காரர். ஸ்டெல்லா அக்கா நேரே என் அடுப்படிக்குள் வந்து பானையைத் திறந்து பார்த்துவிட்டு, ‘அரிசி அவியலன்னா தண்ணி ஊத்தும்மா, அதுக்கு ஏன் பேஜாராவற’ என்றார்.

ஜெபசிங்குக்குக் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கொரியக் கம்பெனியில் வேலை. உடன்குடி பஜாரில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தவர் அவர். எல்லோரும் போனிலேயே ரீசார்ஜ் செய்துகொள்ளத் தொடங்கியதும் கடைக்கு ஆள் வருவது நின்றது. ஆனால் கூட்டம் நிற்கவில்லை, ஏனென்றால் அவர் பேச்சைக் கேட்கவே நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் எங்களிடம் காசு இல்லை. கல்யாணப் புடவையை விற்கலாமா என்று நான் கேட்டால், ‘எது, அந்தப் புடவையா? அதைக் கட்டினவளையும் சேர்த்துக் கொடுத்தாத்தான் வாங்குவாங்களாம்’ என்பார். சிரித்துக்கொண்டே கடன் வாங்கினோம். ஊரை நான் உயர்த்திச் சொல்லவில்லை. சிரிப்பை வைத்து அரிசி வாங்க முடியாது என்பதால்தான் பஸ் ஏறினோம்.

இங்கே அவருடைய லைனுக்கு ஒரு கொரிய மேனேஜர். முதல் நாள் அந்த மனிதர் கையைத் தட்டிக்கொண்டு ‘பல்லி! பல்லி!’ என்று கத்தியபடி வந்திருக்கிறார். ஜெபசிங் சட்டென்று அண்ணாந்து கூரையைப் பார்த்திருக்கிறார். பல்லியைக் காணோம். ‘எங்க சார்?’ என்று கேட்டதற்கு இன்னும் பலமாக ‘பல்லி!’ கொரிய மொழியில் அதற்குச் சீக்கிரம் என்று பொருளாம். அன்று வீட்டுக்கு வந்து இதை நடித்துக் காட்டினார். நானும் ஷைனியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இனி வெகுநாளைக்கு அவர் எங்களைச் சிரிக்க வைக்கப்போவதில்லை என்று அன்றைக்குத் தெரியாது.

அதன் பிறகு நாங்கள் ஒரு மனை வாங்கினோம். படப்பைப் பக்கம் மனை விற்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் வேனில் ஏற்றிக்கொண்டுபோய், மஞ்சள் கல் நட்ட பொட்டலைக் காட்டி, பிரியாணியும் போடுவார்கள். நான் பிரியாணிக்குத்தான் போனேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ‘நம்ம பிள்ளைக்கு இங்க ஒரு வீடு வேண்டாமாட்டி?’ என்றபோது அவர் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு நானும் விட்டுவிட்டேன். மாதத் தவணை கட்ட ஓவர்டைம் தேவைப்பட்டது. ஞாயிறும் ஓ.டி. ஆனது. நானும் வயர் கோக்கிற ஒரு கம்பெனியில் லைனில் நிற்கத் தொடங்கினேன். அவர் வரும்போது நான் கிளம்புவேன், நான் வரும்போது அவர் தூங்குவார். கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் என்ன பேசினோம் என்று கேட்டால், பேசவில்லை. அவர் ஏசினார். நான் கேட்டுக்கொண்டேன்.

ஏசுவது என்றால் எங்கள் பக்கம் திட்டுவது. வடக்கே இருக்கிறவர்களுக்கு இந்தச் சொல் அவ்வளவு பழக்கமில்லை, இந்தக் கட்டுரையே அதனால் வந்ததுதான். எங்கள் ஊரில் ஏச்சு ஒரு பொதுக் காரியம். என் மாமியார் வாசலில் நின்று ஆட்டை ஏசத் தொடங்கினால் அது ஆட்டிலிருந்து மாமனாருக்குப் போய், அங்கிருந்து பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் போகும். தெருவில் போகிறவர்கள் நின்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டுப் போவார்கள். பலபேர் பங்குபோட்டுக்கொள்வதால் யாருக்கும் அதிகம் வலிக்காது. இங்கே அப்படி முடியாது. எந்நேரமும் பக்கத்து அறையில் யாராவது நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் கதவைச் சாத்தி, குரலைத் தணித்து, பல்லைக் கடித்து ஏசவேண்டும். சத்தம் குறையக் குறைய ஏச்சு கெட்டியாகிறது. ‘உனக்கு மூளை இருக்கா?’ என்பதை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள், தெரியும். குழம்பில் உப்பு, காயாத சட்டை, சார்ஜ் போடாத போன், எதுவும் போதும். கை நீட்டியதில்லை. அதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளும் நிலைமைக்கு வந்திருந்தேன் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்கா மிளகாய் உலர்த்த வந்தார். நல்ல மனுஷி. பள்ளிக்கூடம் விட்டு வருகிற ஷைனியை நான் திரும்பும்வரை பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

‘இன்னா எஸ்தரு, கண்ணு செவந்து கீது? அயுதியா?’

‘ஒண்ணுமில்லக்கா.’

‘அட, சொல்லும்மா. நா யாரு?’

மறைக்கத் தெம்பில்லை. ‘அவிய எப்பமும் ஏசிக்கிட்டே இருக்காவக்கா’ என்றேன்.

அக்காவின் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது. முகம் விரிந்தது. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். ‘தோத்திரம்! எப்பவும் ஏசு கிட்டயே கீறாரா? இந்தக் காலத்துல எந்த ஆம்பளம்மா அப்டிக் கீறான்? எங்க வூட்டுக்காரரு பூசைக்கு வான்னா லுங்கி மாத்தறதுக்குள்ள பூசையே முடிஞ்சி பூடுது.’

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. திருத்தியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தேன்.

‘அதுக்குப் போயி நீ ஏம்மா அயுவுற?’ என்று அக்கா கேட்டார்.

‘தாங்க முடியலக்கா’ என்றேன்.

‘ஆனந்தக் கண்ணீரு’ என்று என் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

அத்தனை நாள் கழித்து ஒருவர் என் கன்னத்தைத் தொட்டுத் துடைக்கிறார். அதற்குமேல் திருத்த எனக்கு மனமில்லை. தவிர, உண்மையை மறைக்க விரும்பாத ஒரு பெண் என்ற முறையில் நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

அதிலிருந்து அக்கா தினமும் கேட்பார், நான் தினமும் சொல்வேன். ‘இன்னிக்கும் ஏசுவா?’ ‘ஆமாக்கா, பல் விளக்கும்போதே ஆரம்பிச்சிட்டாவ.’ ‘அவ்ளோ காலங்காத்தால!’ ‘சாப்பிடும்போதும் உண்டு.’ ‘எம்மா நேரம்மா?’ ‘சோறு ஆறிப்போற வரைக்கும்.’ அக்கா பெருமூச்சு விடுவார். ‘புள்ள முன்னாடியுமா?’ ‘அவ முன்னாடிதான் ரொம்ப.’ ‘நல்லதும்மா, கொழந்த பாத்து வளரணும்.’ அந்த இடத்தில் மட்டும் என்னால் பதில் சொல்ல முடியாது. மற்றபடி, எனக்கு நடந்ததை நடந்தபடி ஒருவரிடம் கொட்டிவிட்டு, பரிதாபத்துக்குப் பதிலாகப் பாராட்டை வாங்கிக்கொண்டு இறங்கி வருவேன். பரிதாபத்தைவிட அது எவ்வளவு லேசாக இருந்தது என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள், அப்படி யாரும் இருப்பார்கள் என்று தோன்றவில்லை.

ஜெபசிங்குக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. அக்கா அவரைக் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். ஞாயிறு மீன் குழம்பு கிண்ணத்தில் வந்தது. புது மிக்ஸி வாங்கியபோது அதை முதலில் அவர் கையால் ஓட்டச் சொன்னார். ‘பேர்லயே ஜெபம் கீது பாரு’ என்று தெருவில் சொல்லிவைத்தார். ‘இந்த ஊர்க்காரங்களுக்கு மனுசனோட தராதரம் தெரியுதுட்டி’ என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டு, அதே மூச்சில், மீன் குழம்புக் கிண்ணத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்ததற்காக என்னை ஏசினார்.

எவ்வளவு நாள் இந்த விளையாட்டு போயிருக்குமோ. ஒரு காலையில் ஷைனி பள்ளிக்குக் கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டாள். புத்தகப்பை நனைந்தது. ஜெபசிங் அப்போதுதான் நைட் முடித்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் குழந்தை தானே தன்னைத் தணிந்த குரலில் ஏசத் தொடங்கினாள். ‘உனக்கு மூளை இருக்கா? எத்தனை தடவ சொல்லுதது? பல்லி பல்லி!’ அப்பாவின் குரல், அப்பாவின் புருவம், எல்லாம் அச்சாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் அது நின்றுபோனது. அவள் நடிக்கவில்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது.

அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து சொன்னேன். ‘பரீட்சை முடிஞ்சதும் நானும் பிள்ளையும் ஊருக்குப் போறோம். எங்க அம்மா வீட்ல இருந்துக்கிடுதோம். நீங்க உங்க மனையில வீடு கட்டிட்டுச் சொல்லுங்க, வாரோம்.’

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டே ‘போ’ என்றார். அவ்வளவுதான். ஏச்சே இல்லாத அந்த ஒற்றை எழுத்து என்னைப் பயமுறுத்தியதைப்போல அதுவரை எந்த ஏச்சும் பயமுறுத்தியதில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் அன்பியம் வந்தது. தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்பதற்கு இங்கே அன்பியம் என்று பெயர். நாங்கள் வேறு சபை. ‘சபை எதுவானா இன்னா, ஏசு ஒருத்தருதான?’ என்று அக்கா எங்களையும் அழைத்திருந்தார். கேசரி உண்டு என்பதால் ஷைனியும், எதற்கு என்று தெரியாததால் ஜெபசிங்கும், எப்படித் தப்பிப்பது என்று தெரியாததால் நானும் போனோம். கூடத்தில் பாய் விரித்து இருபக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்தது, வாசகம் முடிந்தது. ஸ்டெல்லா அக்கா எழுந்து நின்றார்.

‘நம்ம வூட்ல குடிகீற தம்பி இன்னிக்கு சாட்சி சொல்லப் போறாரு. எந்நேரமும் ஏசுவோடதான். காலைல பல்லு வெளக்க சொல்ல ஏசு, துன்னும்போது ஏசு, நைட் முடிச்சி வந்தாலும் ஏசு. நா சொல்லல, அவரு சம்சாரமே தெனம் சொல்லுது.’

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. ஜெபசிங் என் பக்கம் திரும்பினார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் குழப்பம் மெல்லக் கலைந்து, ‘ஏசு’ என்பது எங்கிருந்து வந்தது என்று பிடிபட்டதை ஓரக்கண்ணால் கவனித்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். உதடு லேசாகத் துடித்தது. ரீசார்ஜ் கடை ஜெபசிங்கின் உதடு அது. எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து!

‘ஆமா’ என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். ‘அவ சொன்னது சரிதான். நமக்கு அது இல்லாம ஒரு நாள் விடியாது.’

‘ஆமென்’ என்றது கூட்டம்.

‘காரணமே வேண்டாம். சட்டை காயலன்னா போதும், தானா வாயில வந்துரும்.’

‘ஆமென்.’

நான் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டேன். அப்போது சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்தோணி அண்ணன், ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்காரர், கையைத் தூக்கினார். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார்.

‘தம்பி, ஒரு டவுட்டு. நா சொவுத்துக்கு அந்தாண்டதான் படுத்துகினு கீறேன். ஒத்தக்கல்லு சொவுரு. காலைல உன் வூட்லேந்து “உனக்கு மூளை இருக்கா”ன்னு சவுண்டு வருது. நீ ஏசு கிட்டயேதான் கீறன்றாங்க. அப்போ அந்த மூளை மேட்டரு யார்கிட்ட கேக்கற? அவர்கிட்டயா?’

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். ஜெபசிங் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவருக்கு அது கைவந்த கலை. ஆனால் ஷைனி அவர் மடியில் இருந்தாள். அண்ணாந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘இல்லண்ணே’ என்றார். ‘இவகிட்டதான். எங்க ஊர்ல ஏசுறதுன்னா திட்டுறது. அக்கா தப்பா நினைச்சிட்டாங்க.’ பாயைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். ‘கம்பெனியில ஒருத்தர் காலையில இருந்து பல்லி பல்லிங்காரு. திருப்பி ஒரு வார்த்தை சொல்ல நமக்கு அந்த மொழி தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல முடியாது, தவணை இருக்கு. எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டு வீட்டுக்கு வாரேன். வந்தா இவதான் இருக்கா.’

முதலில் வெடித்தது ஸ்டெல்லா அக்காதான், அதுவும் என்மேல். ‘ஏம்மா, அப்போ இத்தினி நாளா நீ திட்டு வாங்கினதுக்கா நா தோத்திரம் சொல்லிகினு இருந்தேன்? பொய்யா சொன்ன எங்கிட்ட?’

‘இல்லக்கா, நான் உண்மையத்தான் சொன்னேன்’ என்றேன்.

அக்கா யோசித்தார். முகம் சிவந்தது. பிறகு அவருடைய பெரிய உடம்பு முழுவதும் குலுங்க ஆரம்பித்தது. அடக்கமுடியாமல் அவர் சிரிக்க, கூடமே சிரித்தது. ஜெபசிங் மட்டும் சிரிக்கவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘சரி, சாட்சி போச்சு. ஜெபமாவது சொல்லு தம்பி. எல்லாரும் எயுந்துருங்க’ என்றார். எழுந்து கண்ணை மூடினோம்.

அவர் குரல் வந்தது. தணிந்த குரல்தான், ஆனால் அதில் பல் இல்லை. ‘ஆண்டவரே, இவ ஊருக்குப் போறேங்கா. போன்னு சொல்லிட்டேன். போகாம இருக்கணும்.’

‘ஆமென்’ என்றது கூட்டம். பழக்கதோஷத்தில் அதில் என் குரலும் இருந்தது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று பொருள். இத்தனை பேர் சாட்சியாக ஒப்புக்கொண்டாயிற்று. கண்ணைத் திறந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மறுபடி துடித்தது. நான் முறைத்தேன். அப்புறம் கேசரி வந்தது.

இதற்குப் பிறகு எங்கள் வீடு திருந்திவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். வந்த மாற்றம் ஒன்று உண்டு. அவர் குரல் ‘உனக்கு மூளை’ என்று தொடங்கிய அடுத்த நொடி, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அந்தோணி அண்ணன் ‘ஆமென்!’ என்று சத்தம் போடுவார். அவர் டியூட்டியில் இருந்தால் ஸ்டெல்லா அக்கா ‘தோத்திரம்!’ என்பார். ஏச்சைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரை முறைத்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்து எப்படிச் சிரிக்காமல் இருப்பது? இரண்டு வாரத்தில் அவரும் சிரிக்கத் தொடங்கினார். மாமியார் வீட்டு வாசலில் தெரு செய்ததை இங்கே ஒற்றைக்கல் சுவர் செய்தது.

ஞாயிறு ஓ.டி.யை விட்டார். பணம் இறுகியது. ஃபிரிட்ஜ் வாங்குவது தள்ளிப்போனது, மனையில் வீடு கட்டுகிற பேச்சே நின்றது. அங்கே இப்போது யாருடைய ஆடுகளோ எங்கள் தவணையை மேய்ந்துகொண்டிருக்கின்றன. பணத்துக்காக இன்னமும் சண்டை போடுகிறோம். பணம் இல்லாவிட்டாலும் அன்பு போதும் என்று எனக்கு யாராவது சொன்னால் அவரை வீட்டு வாடகை கட்டச் சொல்வேன். ஆனால் இப்போது எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அதில் பாதி நேரம் என்னதான் சண்டை என்பதே மறந்து, மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறோம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் நான் கேட்டேன். ‘உங்க மேனேஜர் ஏசினதை எல்லாம் எங்கிட்ட கொண்டுவந்து கொட்டினிய. எங்க சூப்பர்வைசர் என்னை ஏசினதை நான் எங்க கொட்டினேன்னு ஒரு நாளாவது கேட்டியளா?’

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ‘உன்னையும் ஏசுதாங்களா?’ என்றார். உண்மையாகவே அவருக்கு அது தோன்றியிருக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல, கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் விளையாட்டு. நான் கையைத் தட்டிக்கொண்டு மேனேஜராக வருவேன். லைனில் சொல்லமுடியாததை எல்லாம் அவர் உடன்குடித் தமிழில் எனக்குச் சொல்லவேண்டும். பிறகு அவர் என் சூப்பர்வைசராகி இடுப்பில் கைவைத்து நிற்பார், என் முறை. யார் நன்றாக ஏசினார்கள் என்று ஷைனி தீர்ப்புச் சொல்வாள். அநேகமாக நான்தான் ஜெயிக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் குழம்பிப்போய், யாரை நோக்கி ஆமென் சொல்வது என்று தெரியாமல் சும்மா இருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மூவருமாக ஊருக்குக் கிளம்பினோம். ரயிலில் இடம் இல்லை, பகல் பஸ்தான். திருச்சியைத் தாண்டி ஓரிடத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். அவர் இறங்கிப் போனார். நானும் ஷைனியும் இடத்திலேயே இருந்தோம். வெள்ளரிப் பிஞ்சு விற்கிற ஓர் அம்மா தட்டோடு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

‘அப்பாவ வாங்கித் தரச் சொல்லு கண்ணு. அப்பா எங்க?’

ஷைனி ஜன்னல் வழியே கையை நீட்டிக் காட்டினாள். ‘தோ, அந்தாண்ட டீ குடிச்சிகினு கீறாவ.’

கீறாவ. அப்படி ஒரு சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. தலை வடக்குப்பட்டில் இருக்கிறது, வால் உடன்குடியில். ஒரகடத்தில் சொன்னால் சிரிப்பார்கள். என் மாமியாரிடம் சொன்னால் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டதென்று மந்திரிக்க ஆள் தேடுவார். அவளோ வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெள்ளரிப் பிஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘இது எந்த ஊருப் பேச்சும்மா?’ என்று அந்த அம்மா சிரித்தபடி என்னைக் கேட்டார். நான் பையில் சில்லறை தேடுகிற சாக்கில் யோசித்தேன். வடக்கேயா தெற்கேயா, எந்தப் பக்கம் கையைக் காட்டுவது? அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார். ஜெபசிங் ஓடிவந்து ஏறினார். பிஞ்சுப் பொட்டலம் என் கைக்கு வந்தது, பதில் வரவில்லை. பஸ் நகர்ந்தது. பதிலுக்காகவோ என்னவோ அந்த அம்மா ஜன்னலோடு நாலு எட்டு நடந்துவந்து நின்றார். முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத அவரைப் பார்த்து, சொந்தக்காரரிடம் சொல்வதைப் போல, ஷைனி தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்: ‘போயிட்டு வாரோம்!’